வெள்ளையடிக்காத கட்டம்

கலீல் ரகுமான் வீட்டு முன்சுவரில் ஒரு முழ அகலத்துக்கு ஒரு கட்டத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடத்துக்கெல்லாம் வெள்ளையடித்திருப்பார்கள். ரம்ஜான் மாதம் பிறப்பதற்கு முன்னால் வருஷா வருஷம் அடிப்பார்கள், வருஷா வருஷம் அந்தக் கட்டத்தை விட்டுவிடுவார்கள். சுற்றிலும் பளிச்சென்று சுண்ணாம்பு, நடுவில் அழுக்கேறிய பழைய சுவர், அதில் நீலப் பென்சிலில் என் கையெழுத்து. தெருவுக்குள் நுழையும்போதே அது கண்ணில் படும். பட்டதும் வயிறு எரியும். கோபத்திலா, குற்றம் செய்த உறுத்தலிலா என்று கேட்டால், முதல் வருஷம் கோபத்தில்தான். இனிமேல் ஒளித்து என்ன ஆகப்போகிறது, சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ஜெகதாம்பாள். சம்பளப் பட்டியலில் கிராம சுகாதாரச் செவிலியர், ஊருக்கு நர்சம்மா. வீடு திருமுல்லைவாயிலில். என் வீட்டுக்காரர் குணசேகரன் ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் ஃபிட்டர். நான் தினமும் இரண்டு பஸ் மாறி, பூந்தமல்லி தாண்டி மாங்காடு போகிற வழியில் இருக்கும் பஞ்சுக்காரத் தெருவுக்குப் போவேன். மெத்தையும் தலையணையும் தைக்கிற குடும்பங்கள், பெரும்பாலும் முஸ்லிம்கள். தெருவில் எந்நேரமும் பஞ்சு பறக்கும், எந்நேரமும் எனக்கு மூக்கு ஒழுகும். அந்த மூக்கோடுதான் பதினோரு வருஷம் ஊசி போட்டேன், பிரசவம் பார்த்தேன், சண்டை போட்டேன். எனக்கு வாய் நீளம். கைக்குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டுகிறவளைப் பார்த்தால் வாசலில் நின்றே திட்டுவேன். திட்டினாலும் மறுநாள் கதவைத் திறப்பார்கள். அப்போதெல்லாம் திறந்தார்கள்.

அந்தக் கட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தகர அச்சைச் சுவரில் வைத்துக் காவியைத் தடவினால் கட்டம் விழும். தேதிக்கு ஒரு பத்தி, செய்த வேலைக்கு ஒரு பத்தி, கையொப்பத்துக்கு ஒரு பத்தி. நாங்கள் வந்துபோனதற்கு அத்தாட்சி. மேலே இருப்பவர்கள் ஜீப்பில் வந்து பார்த்துவிட்டுப் போவதற்காக வைத்தது, ஜனங்களுக்காக வைத்தது இல்லை. தெருவின் பொதுக்கிணற்றுக்கு நேர் எதிரே கலீல் பாய் வீடு இருந்ததால் கிணற்றுக்கான கட்டத்தை அவர் சுவரில் அடித்திருந்தோம்.

அதை ஜனங்களுக்கானதாக மாற்றியது நான். கிணற்றில் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றிய பிறகு ஒரு குப்பியில் தண்ணீர் எடுத்து, நாலு சொட்டுத் திரவம் விட்டுக் காட்டுவேன். தண்ணீர் மஞ்சளானால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். பெண்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள். தினமும் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள் என்று தொண்டை வறளச் சொல்லியிருக்கிறேன். மண்ணெண்ணெய்க்கு ரேஷன் கடையில் பாதி நாள் நிற்கிறவர்களிடம் அது எடுபடவில்லை. அதனால் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். கட்டத்தில் இன்றைய தேதி போட்டு, பக்கத்தில் 'ஜெ' என்று இருந்தால் கிணற்றுத் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், இல்லாத நாளில் கட்டாயம் கொதிக்க வைக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர்கள்கூடத் தேதி எண்ணையும் 'ஜெ' எழுத்தையும் கற்றுக்கொண்டார்கள். எனக்கு அதில் தலைகால் புரியாத பெருமை.

கலீல் பாயின் மனைவி ஜரினாதான் எனக்கு அந்தத் தெருவில் வலது கை. காலையில் வாசல் பெருக்க வரும்போது சுவரைப் பார்ப்பாள். 'ஜெ' இருந்தால் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி, "இன்னிக்கு ஜெ போட்டாச்சு" என்று குரல் கொடுப்பாள். இல்லாவிட்டால், "இன்னிக்கு இல்ல, அடுப்புல ஏத்துங்க" என்பாள். அவள் மகன் யூசுப் நாலு வயசுப் பையன். அவனும் அம்மாவோடு சேர்ந்து, "ஜெ போட்டாச்சு" என்று கத்திக்கொண்டு ஓடுவான்.

தொண்ணூற்றிரண்டு நவம்பரில் விடாத மழை. பட்டணம் பூராவும் காலரா. காலரா என்று நாங்கள் வாயால் சொல்லக்கூடாது, பதிவேட்டில் வயிற்றுப்போக்கு என்றுதான் எழுத வேண்டும் என்று வாய்மொழியாக உத்தரவு. ஜனங்களுக்கு அது தெரியாதா? அரிசி கழுவின தண்ணீர் மாதிரி போகிறது, அரை நாளில் கண் உள்ளே போய்விடுகிறது, அதற்கு நாங்கள் வைத்த பெயர் வயிற்றுப்போக்கு. கேட்கிறவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள், நான் மருந்துப் பெட்டியைப் பார்ப்பேன்.

செவ்வாய்க்கிழமை, பதினேழாம் தேதி, கையில் இருந்த கடைசிப் பவுடரைக் கிணற்றில் போட்டுவிட்டு எழுதினேன். எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்த மூட்டை மழையில் நனைந்து பாறையாகிக் கிடந்தது. புதன் காலையில் என்னை மாங்காட்டு முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே சுகாதார ஆய்வாளர் கஜபதி வந்தார். எனக்கு மேலே அவர்தான். குடையை மடக்கிக்கொண்டே சொன்னார்.

"ஜெகதாம்மா, நாளைக்குக் காலைல மேலேர்ந்து பெரியவர் வர்றாரு. பஞ்சுக்காரத் தெரு வழியாத்தான் ஜீப்பு. கெணத்துக் கட்டத்துல இன்னிக்கும் நாளைக்கும் சேத்துப் போட்டுக்கினு ஊட்டுக்குப் போயிடு."

"பவுடரே இல்லையே சார்."

"காலைல லாரி வருது. நானே ஆறு மணிக்கு வந்து போட்டுர்றேன். நான் சொன்னா செய்ய மாட்டனா?"

நான் நம்பினேன் என்று சொல்லலாம். பாதி நம்பினேன். மீதிப் பாதிக்கு உடம்பு அசதி, சேலை நனைந்திருந்தது, ஆவடி பஸ் போய்விடுமே என்ற கவலை. சாயங்காலம் பஞ்சுக்காரத் தெருவில் இறங்கினேன். மழையில் ஒரு ஈ காக்கை இல்லை. எல்லா வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது. தாழ்வாரத்துக்கடியில் நின்று 18-11-92, 'ஜெ' என்று எழுதினேன். கீழேயே 19-11-92, 'ஜெ' என்று எழுதினேன். எழுதும்போதே உள்ளுக்குள் ஒரு நெருடல் இருந்தது. காலையில் சரியாகிவிடும் என்று பென்சிலைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

வியாழக்கிழமை லாரி வரவில்லை, கஜபதி வரவில்லை, பாதை மூழ்கிவிட்டதால் ஜீப்பில் வரவேண்டிய பெரியவரும் வரவில்லை. என் 'ஜெ' மட்டும் இருந்தது. ஜரினா விடியற்காலை வாசலுக்கு வந்தாள், சுவரைப் பார்த்தாள், மழையிலும் வந்துபோயிருக்கிறார்களே என்று நினைத்தாள். தெருவுக்குக் குரல் கொடுத்தாள். யூசுப் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தான்.

வெள்ளிக்கிழமை மதியம் ஆட்டோவில் ஜரினாவின் மடியிலேயே அவன் போய்விட்டான். அந்த ஒரு வாரத்தில் தெருவில் ஏழு பேர். தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருக்கிற பஷீர் அகமதுவின் மனைவி அஷ்ரஃபுன்னிசாவும் அதில் ஒருத்தி. ஏழு பேருக்கும் நான் என் பதிவேட்டில் வயிற்றுப்போக்கு என்று எழுதினேன். யூசுப் பெயரை எழுதும்போது அழுதேன். அழுதுகொண்டே எழுதி முடித்தேன்.

பத்து நாள் கழித்து விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். கலீல் பாய் பேசத் தெரியாத மனிதர், பஞ்சு அடிக்கிற வில்லைக் கையில் பிடித்தபடியே நின்று, "கெணத்துல மருந்து போட்ட மாதிரியே இல்ல சார், வாசனையே இல்ல" என்றார். அதிகாரி சுவரைப் பார்த்தார். விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

"பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது. மூணு நாளும் போட்டிருக்காங்க. நீங்கதான் குடத்தைக் கழுவறதில்ல. சுத்தம் வேணும்யா."

கஜபதி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். என் எழுத்தே எனக்குச் சாட்சியாகிவிட்டது. செத்தவர்கள் அழுக்கினால் செத்தார்கள் என்று கோப்பு முடிந்தது. அன்றைக்கு நான் வாய் திறந்திருக்க வேண்டும். வாய் நீளம் என்று பெயர் வாங்கினவள், திறக்க வேண்டிய நேரத்தில் ஊமையாகிவிட்டேன். வேலை போய்விடும் என்ற பயம். வேறொன்றும் இல்லை.

வந்த ரம்ஜானுக்குக் கலீல் பாய் வெள்ளையடித்தார், கட்டத்தைச் சுற்றி. அதற்குப் பிறகு அந்தத் தெருவில் எனக்குக் கதவு திறக்கவில்லை. தடுப்பூசிக்கு யாரும் வருவதில்லை, பிரசவத்துக்குக் கூப்பிடுவதில்லை. ஜுரம் என்றால் பூந்தமல்லியில் எதற்கெடுத்தாலும் ஊசி குத்துகிற ஒருவரிடம் போனார்கள். என்னைத் திட்டினால்கூடப் பரவாயில்லை, பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். திட்டவில்லை. நான் போகும்போது கிணற்றடிப் பேச்சு நின்றுவிடும், அவ்வளவுதான். ஜரினாவிடமும் யாரும் சரியாகப் பேசுவதில்லை என்று கவனித்தேன். அவள் எல்லோரும் எடுத்துப் போன பிறகு தனியாக வந்து தண்ணீர் இறைப்பாள். காரணத்தை யோசிக்க நான் விரும்பவில்லை.

தொண்ணூற்றைந்து கடைசியில் எல்லாம் புதுசாகப் போகிறது என்றார்கள். டில்லியிலிருந்து திட்டம், நாடு முழுக்க ஒரே நாளில் போலியோ சொட்டு மருந்து, புதுப் படிவம், புது ஐஸ் பெட்டி. எங்கள் நிலையத்துக்குப் புது டாக்டரும் வந்தார், ராஜசேகரன் என்று. முப்பத்தைந்து வயசுகூட இருக்காது. எங்கள் அறிக்கைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாமே நூறு சதவீதமா இருக்கே, இதை யார் நம்புவாங்க?" என்று கேட்டார். கஜபதிக்கு அன்றைக்கே அவரைப் பிடிக்காமல் போயிற்று.

டிசம்பர் ஒன்பதாம் தேதி முதல் சுற்று. பஞ்சுக்காரத் தெருவில் மூன்று வயசுக்குக் கீழே நாற்பத்து மூன்று குழந்தைகள். காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை கிணற்றடியில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு குழந்தை வரவில்லை. பஷீர் பாய் மட்டும் கடையிலிருந்து வந்து நின்றார்.

"நீங்க குடுத்தத நம்பிக் குடிச்சு ஏழு மய்யத்து எடுத்தோம். இனிமே நீங்க எதக் குடுத்தாலும் எங்க புள்ளைங்க வாயில படாது" என்றார். சத்தம் போடாமல்தான் சொன்னார். மாலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் டாக்டரிடம் பூஜ்யம் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் கோபப்படவில்லை.

"அந்தத் தெருவுல என்னதான் நடந்துச்சு?" என்று கேட்டார்.

"காலராவுல நிறைய பேர் போயிட்டாங்க சார்" என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். தெருவிலும் சொல்லியிருக்கலாம். இதை நான் தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

இரண்டாவது சுற்று ஜனவரி இருபது, சனிக்கிழமை. வியாழக்கிழமை கஜபதி என்னை மருந்தறைக்குக் கூப்பிட்டார்.

"இன்னாம்மா, இந்தத் தடவையும் பூஜ்யம்னா அந்த டாக்டர் ஊரையே கூட்டுவாரு. நாப்பத்து மூணு புள்ளைங்கதானே? ஷீட்ல நாப்பத்து மூணு கோடு போடு, மருந்தச் சாக்கடைல ஊத்து. எவன் வந்து வாயத் தெறந்து பாக்கப் போறான்?"

அவர் சர்வசாதாரணமாகச் சொன்னார். மூன்று வருஷத்துக்கு முன்னால் குடையை மடக்கிக்கொண்டு சொன்ன அதே குரல். என் வாயில் வந்ததை எழுத முடியாது. சொல்லிவிட்டு வெளியே வந்து, கைகழுவும் தொட்டியில் முகத்தைக் கழுவினேன். அவர் மேல் வந்த ஆத்திரத்தில் பாதி என் மேல்தான். அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது குணசேகரனிடம் சொன்னேன். அவருக்கு அதுவரை எதுவும் தெரியாது. சாதத்தில் வைத்த கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தவர், "வேலை போகும். போனா போகட்டும், நாளைக்கே போய்ச் சொல்லிடு" என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் போனேன். மருந்துப் பையும் இல்லை, பெட்டியும் இல்லை, வெறுங்கையோடு போனேன். கலீல் பாய் உள்ளே மெத்தைக்குப் பஞ்சு அடித்துக்கொண்டிருந்தார். வில்லின் சத்தம் தெருவுக்கே கேட்டது. ஜரினா வாசற்படியில் நின்றாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

"நாளைக்குச் சொட்டு மருந்துன்னு சொல்லத்தானே வந்தீங்க சிஸ்டர்? சொல்லிட்டுப் போங்க."

"அதுக்கு வரல, ஜரினா. அன்னைக்கு வியாழக்கிழமை கிணத்துல மருந்து போடல. புதன்கிழமையும் போடல. புதன்கிழமை சாயங்காலம் வந்து ரெண்டு நாளுக்கும் சேர்த்து நான்தான் எழுதிட்டுப் போனேன். பவுடர் வரும்னு நெனச்சேன். வரல. விசாரணைல நான் வாயத் தெறக்கல. தப்பு என்னோடது."

உள்ளே வில்லின் சத்தம் நின்றது.

ஜரினா அழுவாள், அறைவாள் என்று எதிர்பார்த்து வந்திருந்தேன். அவள் சுவரைத்தான் பார்த்தாள்.

"தெரியும் சிஸ்டர். அந்த ரெண்டு வரியும் ஒரே மூச்சுல எழுதினது. தெனம் பாத்துகினு கீறவளுக்குத் தெரியாதா? பென்சில் முனை மழுங்கினதுகூட ஒரே மாதிரி கீது." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்களா வந்து சொல்லுவீங்கனுதான் அத்த அழிக்காம வெச்சுகினு கீறோம். மூணு வருசம். குரல் குடுத்தது யாரு? நானு. ஜெ போட்டாச்சு, ஜெ போட்டாச்சுனு ஊடு ஊடாக் கத்தினது நானு. சுவத்துல கரெக்டாத்தான் கீது, மருந்து போட்டுத்தான் கீறாங்கனு அந்த ஆபீசர் சொல்லிட்டுப் போயிட்டாரு. ஒங்க மருந்து மேலயும் நம்பிக்க போச்சு, எம் மேலயும் பழி வந்துச்சு. தெருவுல இன்னா சொன்னாங்க தெரியுமா? ஜரினா மழைல சரியாப் பாக்காம, பழைய தேதியப் பாத்துக் குரல் குடுத்துட்டா, அப்பறம் யாரோ வந்து எழுதிட்டாங்கனு. பஷீர் பாய் சம்சாரத்த நான் கொன்ன மாதிரி. எம் புள்ளைய நானே கொன்ன மாதிரி."

படியில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று வருஷம் அவள் தனியாகத் தண்ணீர் இறைத்ததற்கு இதுதான் காரணம். என் பொய்யை அவள் சுமந்துகொண்டிருந்தாள்.

"எங்கிட்டச் சொல்லி இன்னா பிரயோஜனம்? அதுலயே எழுதுங்க" என்றாள். "கெணத்துக்கு வர்றவங்க அல்லாரும் படிக்கட்டும்."

என்னிடம் பென்சில்கூட இல்லை. கலீல் பாய் உள்ளேயிருந்து மெத்தைத் துணியில் அளவு குறிக்கிற நீலப் பென்சிலைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். கட்டத்தில் கீழே நாலு விரற்கடை இடம் இருந்தது. 18, 19-11-92 இரண்டு நாளும் கிணற்றில் மருந்து போடவில்லை, பொய்யாக எழுதினேன் என்று எழுதினேன். கையொப்பத்துக்கு வெறும் 'ஜெ' போடாமல் ஜெகதாம்பாள் என்று முழுப் பெயரையும் எழுதினேன். ஒரு நிமிஷ வேலை அது.

ஜரினா வாசலை விட்டுத் தெருவுக்கு இறங்கினாள். "வாங்க, வந்து படிங்க" என்று குரல் கொடுத்தாள். "நர்சம்மா எழுதிக்கீறாங்க, வந்து படிங்க." அந்தக் குரலை நான் மூன்று வருஷமாகக் கேட்கவில்லை. கதவுகள் திறந்தன. குடத்தோடு நின்றவர்கள் வந்தார்கள். பஷீர் பாய் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார். படித்து முடித்ததும் என்னைப் பார்க்கவே இல்லை. ஜரினாவைப் பார்த்து, "மன்னிச்சுக்கம்மா" என்றார். கூட்டத்தில் ஒரு பெண் என் காலடியில் காறித் துப்பினாள். அது எனக்கு நியாயமாகவே பட்டது.

கூட்டம் கலைந்த பிறகு ஜரினாவிடம் கேட்டேன். யூசுப்புக்குப் பிறகு அவளுக்கு ஒரு பெண் பிறந்திருந்தாள், ஷமீமா, இருபது மாதம். எனக்குத் தெரியாமல் நடந்த பிரசவம்.

"நாளைக்குப் பாப்பாவக் கூட்டிட்டு வருவியா?"

ஜரினா படியேறினாள். "உள்ள வாங்க" என்றாள்.

முடிக்காத மெத்தையின் மேல் குழந்தையை உட்கார வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்துச் சிரித்தது. இரண்டு பல் முன்னால் தெரிந்தது. ஜரினா அதைத் தூக்கி நிறுத்தினாள். இடது கால் ஊன்றியது. வலது கால் ஊன்றவில்லை, பஞ்சு அடைக்காத தலையணை உறை மாதிரித் தொங்கியது. நான் முட்டியைத் தட்டிப் பார்த்தேன், பாதத்தைப் பிடித்துத் தள்ளிப் பார்த்தேன். தட்டிப் பார்க்காமலே தெரிந்திருக்கும், போலியோ.

"எப்போலேர்ந்து?"

"புது வருசத்துக்கு மறுநாளு ஜுரம் வந்தது. பூந்தமல்லில ஊசி போட்டாங்க. நாலு நாள்ல காலு இப்டி ஆயிடுச்சு."

"என்கிட்ட ஏன் சொல்லல?" வாய் முந்திக்கொண்டது.

"ஒங்ககிட்டயா?" என்றாள்.

குழந்தை என் வளையலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. கலீல் பாய் சுவரோரமாக நின்றிருந்தார். ஜரினா என் கண்ணையே பார்த்துக் கேட்டாள்.

"போன மாசம் நீங்க இத்தச் சொல்லியிருந்தா நான் மருந்து போட்டிருப்பேன். போட்டிருந்தா இது வந்திருக்காதா சிஸ்டர்?"

வந்துதான் இருக்கும், உன் தலையெழுத்து என்று சொல்லியிருந்தால் அவளுக்கும் ஆறுதல், எனக்கும் ஆறுதல். நாக்கு நுனிவரை வந்தது. அந்த வீட்டுக்குள் நின்றுகொண்டு இன்னொரு பொய் சொல்ல என்னால் முடியவில்லை.

"நிச்சயமாச் சொல்ல முடியாது, ஜரினா. ஒரு தடவை போட்டாப் போதாது, நாலஞ்சு தடவை போடணும். பொறந்ததுலேர்ந்து போட்டிருக்கணும். போட்டிருந்தா வராம இருந்திருக்கலாம்."

அப்போதுதான் அவள் அழுதாள். சத்தமில்லாமல், குழந்தையின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அவள் என்னைத் தேற்றவில்லை, நானும் அவளைத் தேற்றவில்லை.

பதினோரு மணிக்கு டாக்டரை அழைத்து வந்தேன். அவர் குழந்தையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பட்டணத்துக் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். நிலையத்தில் படிவம் நிரப்பும்போது கஜபதி என் காதருகே வந்து, "போலியோனு எழுதாதம்மா, கால் பலவீனம்னு எழுது, ஏன் வம்பு" என்றார். போலியோ என்று சந்தேகம் எனப் பெரிய எழுத்தில் எழுதினேன். அந்த எழுத்துக்கும் சுவரில் எழுதியதற்கும் சேர்த்துப் பிறகு எனக்கு ஓலை வந்தது. எட்டு மாதம் தற்காலிக வேலை நீக்கம். கஜபதிக்கு அதே வருஷம் பதவி உயர்வு. டாக்டர் ராஜசேகரனை வேறெங்கோ தூக்கிப் போட்டார்கள். அதையெல்லாம் பேச ஆரம்பித்தால் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறும், விட்டுவிடுகிறேன்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கிணற்றடியில் மேஜை போட்டேன். ஐஸ் பெட்டியைத் திறந்து மூடினேன். ஒன்பது ஆயிற்று, பத்து ஆயிற்று. கதவுகள் திறந்திருந்தன, பெண்கள் வாசலில் நின்றார்கள், ஆனால் ஒருத்தரும் இறங்கி வரவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டால் எல்லோரும் ஓடி வருவார்கள் என்று நான் நினைத்திருந்தால் நான் மடச்சி. பொய் சொன்னேன் என்று ஒத்துக்கொண்டவளிடம் குழந்தையின் வாயைத் திறந்து காட்ட யாருக்கு மனசு வரும்?

பத்தரைக்கு ஜரினா வீட்டிலிருந்து இறங்கினாள். ஷமீமாவை இடுப்பில் வைத்திருந்தாள். கவுனுக்குக் கீழே அந்தக் கால் ஒவ்வோர் அடிக்கும் ஆடியது. நேராக என்னிடம் வரவில்லை. தெருவின் அந்தக் கோடிவரை நடந்தாள். ஒவ்வொரு வாசலிலும் நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை, அவர்கள் பார்க்கும்வரை நின்றாள், பிறகு அடுத்த வாசலுக்குப் போனாள். பஷீர் பாய் கடைமுன்னாலும் நின்றாள். திரும்பி வந்து என் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, குழந்தையின் கன்னத்தை அழுத்தி வாயைத் திறந்தாள்.

"ஊத்துங்க."

காலுக்கு இனி அது உதவாது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு சொட்டு விட்டேன். குழந்தை முகத்தைச் சுளித்துவிட்டு நாக்கைச் சப்புக்கொட்டியது.

அடுத்து பஷீர் பாய் பேரனைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். அதற்கப்புறம் வரிசை நின்றது. யாரும் என்னோடு பேசவில்லை. குழந்தையை நீட்டுவார்கள், நான் சொட்டு விடுவேன், தூக்கிக்கொண்டு போவார்கள். மூன்று மணிக்குள் நாற்பத்து மூன்றும் முடிந்தது. என் வேலையில் முதல் தடவையாக ஒரு நிஜமான நூறு சதவீதம். எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

பெட்டியைக் கட்டும்போது கலீல் பாய் ஏணியைச் சாத்தி வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். ரம்ஜானுக்கு இன்னும் இரண்டே நாள் இருந்தது. ஜரினா வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும், "இன்னிக்கு வந்தீங்க இல்ல, எழுதுங்க" என்றாள். கட்டத்தில் ஒரே ஒரு வரிக்கு இடம் இருந்தது. 20-1-96, சொட்டு மருந்து, 43 என்று எழுதி, 'ஜெ' என்று போட்டேன்.

கலீல் பாய் கீழே இறங்கி, மட்டையைச் சுண்ணாம்பில் முக்கி, கட்டத்தின் ஓரத்தை ஒட்டிக் கவனமாக இழுத்தார். மேலே அடித்தார், இரண்டு பக்கமும் அடித்தார், கீழே அடித்தார். கட்டத்துக்குள் ஒரு துளி தெறித்தது. அதைத் தன் சட்டை நுனியால் ஒற்றி எடுத்தார். எனக்குத் தாங்கவில்லை.

"அதான் எழுதிக் குடுத்துட்டேனே பாய். எல்லாரும் படிச்சுட்டாங்க. அதையும் சேர்த்து அடிச்சிடக் கூடாதா?"

அவர் மட்டையை வாளியில் வைத்தார். அன்றைக்குத்தான் அவர் என்னோடு முதல் தடவையாக நேராகப் பேசினார்.

"நேத்து வரைக்கும் யூசுப்பு ஒருத்தன்தான் அதுல இருந்தான் சிஸ்டர்" என்றார். "இப்ப அவன் தங்கச்சியும் கீறா. எப்டி அடிக்கறது?"